ஓலை வாசிக்காத கல்யாணம்

மருதம்மாள் இருளப்பனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவன் தோளில் கிடந்த, வாளி தூக்கும் காண்டாக் கம்பு ஒரு மரத்தில் இடித்தது. இரண்டு வாளி ரப்பர்ப் பாலும் சரிவில் கவிழ்ந்து, வெள்ளையாய் ஒழுகிச் சருகுக்குள் இறங்கியது.

“அத்தை, பாலு! பாலு கொட்டுது!”

“கொட்டட்டும். ஜப்பான்காரன் என்ன, அதுல காப்பி போட்டா குடிக்கப் போறான்? ஓடுலா!”

பின்னாலேயே நவமணி ஓடி வந்தாள். பதினேழு வயது. வலது கைக்குள் ஒரு மஞ்சள் கயிறு. அதன் நடுவில் முடிந்த மஞ்சள் துண்டு. அரைத்துத் தடவி அரை மணி நேரம்கூட ஆகவில்லை; விரல் இடுக்கில் மஞ்சள் தண்ணீர் ஒழுகியது.

பத்தாம் நம்பர் மர நிரையின் கடைசியில், மேட்டை விட்டு இறங்கும் இடத்தில், மருதம்மாள் நின்றாள். அண்ணன் மகனை ஒரு மரத்தில் சாய்த்து வைத்தாள். மகள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள்.

“கட்டு.”

இருளப்பன் கயிற்றைப் பார்த்தான். நவமணியைப் பார்த்தான். பிறகு கயிற்றை அத்தையின் கையிலேயே திருப்பி வைத்தான்.

“முடியாது அத்தை.”

“என்னடா முடியாது? இவ பொறந்தன்னைக்கே உங்கப்பன் பேசி வச்சது. பன்னண்டு மணிக்கு லாரி வருது. பேரு எழுதிட்டான் கிராணி. மொதப் பேரு இவ பேரு. கழுத்துல கயிறு இருந்தா ஜப்பான்காரன் விட்டுருவானாம். கட்டுடா!”

“முடியாதுன்னா முடியாது அத்தை. காரணம் கேக்காத.”

“காரணம் நான் சொல்லவா? பயம். கட்டுனா இவளுக்கும் கஞ்சி ஊத்தணுமே. நாலு முழம் வேட்டிய ஆம்பளைன்னு நெனச்சு இம்புட்டுத் தூரம் இழுத்துட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“அவர விடும்மா,” என்றாள் நவமணி.

மருதம்மாள் மகளின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். “வாய மூடு. ஒனக்காகத்தான் கெடந்து சாவறேன்.”

நவமணி வாயை மூடிக்கொண்டாள். சொல்லப்போனால், அன்று அந்தத் தோட்டத்தில் வாயை மூடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மலாய் நாட்டில் பாடாங் மேஹாவுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் அது. வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடியவன் ஓடியவன்தான். பாதி மரங்களுக்குத்தான் பால் வெட்டு. மீதி நிலமெல்லாம் மரவள்ளி. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரி அதன் இலை. அரிசியைக் கண்ணால் பார்த்து ஐந்து மாதம். நவமணியின் அப்பா அய்யாவுவை மூன்று மாதத்துக்கு முன் சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பட்டியலையும் எழுதியவர் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி செல்வரத்தினம்தான்.

செல்வரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வேதக்காரர். துரை போன பிறகு தோட்டத்துக்குத் துரை, பாதிரியார் வராமல் போன பிறகு ஜெபக்கூடத்துக்குப் பாதிரியார், ஜப்பான்காரன் வந்த பிறகு அவனுக்கு வாலும் அவர்தான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்கும்போது கிழக்கே திரும்பி ஜப்பான் ராஜாவுக்குக் குனிவார். ஞாயிற்றுக்கிழமை அதே முதுகை நிமிர்த்தி, ஒரே தேவனைத் தவிர வேறு எவரையும் வணங்காதே என்று பிரசங்கம் பண்ணுவார். முதுகெலும்பு இல்லாதவனுக்கு இது ஒரு வசதி.

டவுனிலிருந்து உத்தரவு வந்தது: தோட்டத்துக்கு மூன்று கல்யாணமாகாத இளம்பெண்கள், ‘ஆஸ்பத்திரி வேலைக்கு’. எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரியும். கிராணிக்கும் கல்யாணமாகாத மகள் ஒருத்தி இருந்தாள். தங்கமலர், பத்தொன்பது வயது. தாயில்லாப் பெண். ஆகவே முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, கிராணி வேதப் புத்தகத்தைத் திறந்தார். பழைய வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன ஒரு நோட்டுப் புத்தகமும் பக்கத்தில் இருந்தது.

“வேதத்திலே இளம்பெண்ணுக்கு ஒரு சொல் இல்லை, மூண்டு சொல் இருக்கு. எபிரேயச் சொல்,” என்று ஆரம்பித்தார். பால் வெட்டி வந்த கால்கள் பெஞ்சுக்கடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. “பெத்தூலா. அது தகப்பன்ர வீட்டிலே, காவலிலே இருக்கிற கன்னிகை. அவளுக்கு ஒரு மாப்பிள்ளையை நிச்சயம் பண்ணிப்போட்டால், கலியாணம் முடிய முந்தியே அவள் மற்றவன் மனைவி எண்டுதான் நியாயப்பிரமாணம் சொல்லுது. பிறகு ஆல்மா. வயசுக்கு வந்த பெண், அவ்வளவுதான். மூண்டாவது நாரா. சிறுபெட்டை. வேலைக்காரப் பெட்டைக்கும் அதே சொல்தான். விளங்குதோ? உத்தரவிலே கேட்டிருக்கிறது ஊழியத்துக்குப் பெண்கள். அது நாரா.”

விளங்கியது. பங்களாவில் இருப்பவள் பெத்தூலா. அவளுக்கு யாழ்ப்பாணத்தில் சின்னத்துரை என்றொரு மாப்பிள்ளையை நிச்சயித்து, யுத்தத்துக்கு முன்னாலேயே கடிதம் வந்துவிட்டது. ஆகவே அவள் மனைவி. கூலி லயத்தில் இருப்பவளுக்கும் பிறந்த அன்றே முறைமாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. ஆனால் அது வெறும் வாய்ப்பேச்சு, கடுதாசி இல்லை, ஆகவே அவள் நாரா. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாஷை ஒரு கிராணியின் மகளைக் காப்பாற்றுவதற்கென்றே உண்டானதைப் போல் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

பின்பெஞ்சில் இருந்த தங்கமலர் எழுந்தாள். அப்பாவுக்குக் கண் மங்கல். அந்த நோட்டுப் புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டுபவளே அவள்தான்.

“அப்பா, ரெபெக்காவுக்கு மூண்டு சொல்லும் வருதே. கிணத்தடியிலே நிக்கிற ஒரே பெண்ணுக்கு, ஒரே அதிகாரத்திலே. அந்த நோட்டிலேயே எழுதியிருக்கு.”

“பொம்பிளைப் பிள்ளை சபையிலே கதைக்கக் கூடாது. இரு.”

அவள் உட்கார்ந்தாள். ஆண்பிள்ளைகள் தலையாட்டினார்கள். மகன்களை மட்டும் பெற்றவர்கள் பலமாக ஆட்டினார்கள். மகளைப் பெற்றவர்களும் ஆட்டினார்கள், தன் மகள் பெயர் வராது என்று. திங்கட்கிழமை காலை பெரட்டில் மூன்று பெயர்கள் வாசிக்கப்பட்டன: நவமணி, காளியம்மா, பிச்சையம்மாள். நவமணியின் அப்பன் சயாமில். காளியம்மாவின் அப்பன் மண்ணுக்குள். பிச்சையம்மாளுக்கு அப்பன் யாரென்றே தெரியாது. அதாவது, கேட்க ஆளில்லாத மூன்று பேர். எபிரேய பாஷையின் நுட்பம் அப்படி.

கயிற்றை இடுப்பில் செருகி, நவமணியையும் இழுத்துக்கொண்டு மருதம்மாள் நேராகக் கிராணி வீட்டுக்குப் போனாள். பால் நிறுக்கும் ஸ்டோருக்கு எதிரேதான் வீடு. வெட்டு முடிந்தவர்கள் வாளிகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். இருளப்பனும் காலி வாளிகளோடு வந்து வரிசையின் ஓரத்தில் நின்றான். கிராணி வாசல் படிக்கட்டுக்கு மேலே சாய்வு நாற்காலியில் இருந்தார். தங்கமலர் கதவோரத்தில் நின்றாள். லாரிக்காகக் கூப்பிட்டு வைத்திருந்த காளியம்மாவும் பிச்சையம்மாளும் படிக்கட்டுக்குக் கீழே குந்தியிருந்தார்கள்.

“கிராணியாரே, எம்மக பேர வெட்டுங்க.”

“எழுதினது எழுதினதுதான் மருதம்மாள்.”

“நான் ஒருத்தனுக்குக் கட்டி வச்சிடறேன். இந்த வரிசைல நிக்கிற எவனாச்சும் கட்டுவான். நீங்க கோயில் புஸ்தகத்துல எழுதிக் குடுங்க.”

“கயிற்றை இப்பக் கட்டி என்ன பிரயோசனம்? ஜித்ராப் பக்கத்திலே அப்பிடித்தான் கட்டி வைச்சவங்கள். ஜப்பான்காரன் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். சிரிச்சுக்கொண்டு ஏத்திக்கொண்டு போனான். அவனுக்குக் கடுதாசி வேணும். கடுதாசியிலே எழுதிறதெண்டால் மூண்டு ஞாயிறு ஓலை வாசிக்க வேணும். ‘இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்லுறவை சொல்லலாம்’ எண்டு மூண்டு தரம். ஓலை வாசிக்காத கலியாணம் கலியாணமே இல்லை. அது வேசித்தனம்.”

“லாரி மூணு ஞாயிறு நிக்குமா?”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்ய வேணாம். நீங்க செஞ்சதே போதும்.” மருதம்மாள் முதல் படியில் ஏறினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இருபது வருஷம் அந்த ஜெபக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து காதால் கேட்டதுதான். “வேதத்துல யெப்தான்னு ஒருத்தன் வாறான்ல. சண்டைல செயிச்சா வாசல்ல மொதல்ல எதிர வர்றதப் பலி குடுக்கறேன்னு பெரிய வாயாப் பேசுனான். மக எதிர வந்தா. ரெண்டு மாசம் மலைல ஏறி அழுதுட்டு வந்து செத்தா அந்தப் பொண்ணு. அவளும் கன்னிதான். சரியா?”

“சரி. அதுக்கு இப்ப என்ன?”

“அவன் ஒரு முட்டாப்பய. ஆனா அந்த முட்டாப்பய குடுத்தது தன் மகள. நீங்க எம்மகளக் குடுக்குறீங்க.”

வரிசையில் யாரோ ஒருவர் இருமினார். சிரிப்பை மறைத்த இருமல்.

“லோத்து மட்டும் என்ன? வாசல்ல கூட்டம் நின்னப்ப, வீட்டுல ரெண்டு கன்னிப் பொண்ணு இருக்கு, எடுத்துக்குங்கன்னான். அவனும் சொந்தப் பொண்ணத்தான் சொன்னான். அப்பறம் மோசே காலத்துல பட்டாளத்துக்காரன் எல்லாரையும் வெட்டிட்டு, கன்னிய மட்டும் ஆடு மாடோட சேத்து எண்ணுனான். இருவது வருசமா நானும் கேக்கறேன். ஒங்க புஸ்தகத்துல கன்னின்னு வாற எடத்துல பாதி, ஒருத்தன் எண்ணுறான், இன்னொருத்தன் குடுக்கறான். இதுல மூணு பேரு என்னா, முப்பது பேரு என்னா? ஆட்டுக்கும்தான் கெடா, குட்டி, மறின்னு பேரு இருக்கு. எல்லாம் கறிக்குத்தான்.”

“எடியே, நீ ஆரோட கதைக்கிறாய் எண்டு தெரியுதோ?”

“தெரியுது. ஒரு பட்டியலோட.”

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணி ஆகவில்லை. ஜப்பான்காரனுக்கு டோக்கியோ நேரம். ஒன்றரை மணி நேரம் முந்தியே பன்னிரண்டு அடித்துவிடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அன்று எல்லாரும் சூரியனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லாரியிலிருந்து ஓர் ஆபீசர் இறங்கினான். குள்ளம். பூட்ஸ் நிறையச் செம்மண். கூடவே ஓட்டை மலாய் பேசும் ஒரு துபாஷி. கிராணி இடுப்பு ஒடியக் குனிந்து பட்டியலை நீட்டினார். ஆபீசர் பட்டியலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கதவோரத்தைப் பார்த்தான். பங்களாவில் மாவும் பாலும் தின்று வளர்ந்த பெண்ணுக்கும், மரவள்ளி தின்று எலும்பான பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பாஷையிலும் ஒன்றுதான்.

“அது யார்?” என்றான் துபாஷி.

“என்ர மகள், துவான். நிச்சயமான பெண். மனைவி மாதிரி.”

“புருஷன் எங்கே?”

“யாழ்ப்பாணத்திலே.”

துபாஷி சொன்னான். ஆபீசர் சிரித்தான். துபாஷி அந்தச் சிரிப்பை மொழிபெயர்த்தான்: “இங்கே புருஷன் இருந்தால் இருக்கலாம். இல்லையென்றால் ஏறலாம். அவளும் சேர்த்து நாலு.”

பெத்தூலா, ஆல்மா, நாரா மூன்றும் அந்த ஒரு சிரிப்பில் ஒழிந்தன. செல்வரத்தினத்தின் முகம் மரவள்ளி மாவாய் வெளுத்தது. அவர் படியிறங்கி ஓடினார். மூன்று ஞாயிறு ஓலை கேட்டவர், நியாயப்பிரமாணம் பேசியவர், வரிசை ஓரத்தில் நின்ற ஒரு பால் வெட்டுகிறவனின் கையைப் பிடித்தார். பிடிப்பதற்கு முன்னாலேயே இருளப்பன் வாளியைக் கீழே வைத்துவிட்டு முதல் படியில் ஒரு கால் வைத்திருந்தான். அந்த அவசரத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“இவன்தான் துவான்! இவன்தான் புருஷன். நான்தான் ஓலை வாசிச்சு எழுதினனான்!”

நேற்றுவரை இந்த வீட்டுப் பின்வாசலுக்கு அப்பால் வரக்கூடாதவன் இருளப்பன். மருதம்மாள் கிராணியின் காதோரம் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு பேசினாள்.

“நல்ல மாப்பிள்ளயத்தான் புடிச்சீங்க. எனக்கும் பாசார் மலாய் தெரியும் கிராணியாரே. ‘போஹோங்’னு ஒரு வார்த்த. பொய்யின்னு அர்த்தம். இப்பச் சொல்லவா, இல்ல மத்த மூணு பேருக்கும் நீங்களே ஓலை வாசிச்சீங்களா?”

கிராணி அவளைப் பார்த்தார். அவள் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது.

“நாலு பேருக்கும் கலியாணம் ஆயிட்டுது துவான்,” என்றார் மறுபடி குனிந்து. “பட்டியல் பழசு. பிழை என்ரதுதான்.”

“எழுத்து?”

“இருக்கு துவான்!” திரும்பி, மூச்சுக்குள்ளே, “பிள்ளை, பெட்டியிலே கலியாணப் பதிவுப் புத்தகம் கிடக்கு. ஓடிப்போய் நாலு பேரையும் எழுதிக்கொண்டு வா.”

தங்கமலர் உள்ளே போனாள். மருதம்மாள் வரிசைக்குள் பாய்ந்தாள்.

“முனியாண்டி, வாளிய வை. நவமணி பக்கத்துல வந்து நில்லு.”

“அக்கா, எனக்கு மூணு நாளாக் காய்ச்ச.”

“கல்யாணம் ஆனா எறங்கிரும். நில்லுலா! மனோகரா, நீ காளியம்மா பக்கம். முருகையா, பல்ல இளிக்காத, பிச்சையம்மா தோளத் தொடாத, பக்கத்துல நின்னா போதும். சாயந்தரம் வேணும்னா யோசிச்சுக்கலாம்.”

“இவன்கள் ஞானஸ்நானமே எடுக்கேல்லை. வேதப் புத்தகத்திலே காளியம்மாவை எப்பிடி எழுதிறது?” என்று முனகினார் கிராணி. உயிர் போகும் நேரத்திலும் சிலருக்கு இந்தக் கவலைதான்.

தங்கமலர் தடித்த புத்தகத்தோடு வந்தாள். திறந்த பக்கத்தை ஆபீசருக்கு முன்னால் நீட்டினாள். நான்கு வரிகள். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஜித்ராவில் கயிற்றைத் தொட்டவன் ஒருவேளை அவனாகவே இருக்கலாம். கட்டைவிரலை முதல் வரியின்மேல் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான்.

மை ஒட்டவில்லை. காய்ந்திருந்தது.

அவன் விரல் இரண்டாம் வரியை நோக்கி இறங்கியது. சரியாக அப்போது தங்கமலர் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு, அவனுக்கு முன்னால் அப்பாவை விட ஆழமாகக் குனிந்தாள். மரியாதை என்றால் அவர்களுக்கு உயிர். ஆபீசர் கையைப் பின்னுக்கு இழுத்தான். அந்தக் கை சும்மா போகவில்லை. பொய்ப் பட்டியல் கொடுத்ததற்காகக் கிராணியின் கன்னத்தில் மாறி மாறி நான்கு. மூக்குக்கண்ணாடி பறந்து படியில் உடைந்தது.

வீட்டுக்குள் புகுந்தவர்கள் சைக்கிளை எடுத்தார்கள், ஒன்பது கோழிகளை எடுத்தார்கள், கட்டிலுக்கடியிலிருந்து ஒன்றரை மூட்டை அரிசியை எடுத்தார்கள். அரிசி வெளியே வந்தபோது வரிசையில் நின்ற கழுத்துகளெல்லாம் நீண்டன. லாரி பெண்கள் இல்லாமல் புறப்பட்டது. அடுத்த தோட்டத்துக்குத்தான் போயிருக்கும். அங்கேயும் ஒரு கிராணி இருப்பார்.

தூசி அடங்கியதும் செல்வரத்தினம் படியில் உட்கார்ந்தார். கன்னம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் திரும்பி வந்துவிட்டது. அதுதான் அந்த மனுஷனிடம் முதலில் தேறுவது.

“இருளப்பன், நீ போகலாம். நடந்ததை மறந்திரு. இந்தப் பக்கம் இனித் தலை காட்டாதே. பிள்ளை, அந்தப் புத்தகத்தைக் கொண்டா. கர்த்தருடைய புத்தகத்திலே பொய் நிக்கக் கூடாது. நாலையும் வெட்டவேணும்.”

இருளப்பன் போகவில்லை. தங்கமலர் புத்தகத்தைத் தகப்பனின் மடியில் வைத்தாள். கண்ணாடி இல்லாமல் அவர் முகத்தைத் தாளோடு ஒட்டினார். பேனாவைப் பிடித்த கை கடைசி மூன்று வரிகளில் உரசி, மணிக்கட்டெல்லாம் நீல மை ஈஷிக்கொண்டது. முதல் வரியில் உரசியது. ஒன்றும் ஒட்டவில்லை. மறுபடி தேய்த்தார்.

“இது மட்டும் ஏன் காய்ஞ்சு கிடக்கு?”

அவர் மகள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“நாலையும் இப்பத்தானே எழுதினாய்?”

“மூண்டுதான் எழுதினன் அப்பா.”

வெயில் ஸ்டோர்க் கூரையில் சுள்ளென்று அடித்தது. மருதம்மாளுக்குக் கிராணியைவிட முன்னால் விளங்கியது. மரத்தில் சாய்ந்து கயிற்றைத் திருப்பிக் கொடுத்த கை, படியில் முந்தி வைத்த கால் எல்லாம் வரிசையாக விளங்கியது. முதலில் ஆத்திரம் வந்தது. அடுத்து, இத்தனை நாளில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

“இப்பச் சொல்லுங்க கிராணியாரே. அந்த மூணு வார்த்தைல ஒங்க மக எந்த வார்த்த?”

“வாசி,” என்றார் கிராணி மகளிடம். அவருக்கு எழுத்து தெரியவில்லை. அல்லது தெரிய வேண்டாம் என்றிருந்தது.

தங்கமலர் ரவிக்கைக்குள்ளிருந்து கயிற்றை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டி மாதக் கணக்கான பழங்கயிறு. வேர்வையில் சாயம் போயிருந்தது. பிறகு குனிந்து வாசித்தாள்.

“மார்ச் மாதம் பதினாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். இருளப்பனுக்கும் செல்வரத்தினம் மகள் தங்கமலருக்கும் விவாகம். ஓலை வாசிக்கப்படவில்லை.”

“சாட்சி?” அந்த ஒரு சொல்லில் கிராணிக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. சாட்சி இல்லாத விவாகம் செல்லாது. “சாட்சி இல்லையே?”

தங்கமலர் வாசிக்கவில்லை. புத்தகத்தை மருதம்மாள் பக்கம் திருப்பினாள். எழுத்துத் தெரியாதவளுக்கும் தெரியும்படி வரியின் கடைசியில் அது இருந்தது: சின்னக் கட்டைவிரல் ரேகை. நடுவில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு. பத்து வயதில் முதன்முதலாகப் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த அன்று ஏற்பட்ட வெட்டு. வெற்றிலைச் சாறு வைத்துக் கட்டியவள் மருதம்மாள்தான்.

அவள் மெதுவாகத் திரும்பினாள். மூன்றாம் படியில் நவமணி, காலையில் அறை வாங்கிய கன்னத்தோடு, வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.